யாருக்கு வாய்க்கிறது முதுமை? டெலேனி குடும்பத்தின் நூறாண்டுக் கதை

1891 ஏப்ரல் 14 அன்று மோவ் ராணுவக் குடியிருப்பில் அண்ணல் அம்பேத்கர் பிறந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ராலே நகரத்துக் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் அன்னி எலிசபெத் டெலேனி. வீட்டில் பெஸ்ஸி என்று கூப்பிட்டார்கள்.

அண்ணல் 1956-ல், 65 வயதில் மறைந்தார். பெஸ்ஸி 1995 செப்டம்பர் வரை, 104 வயது வரை இருந்தார். அவருடைய அக்கா சாரா 1889-ல் பிறந்தவர். 1999 ஜனவரியில் அவர் மறைந்தபோது வயது 109. இவர்களைப் பெற்ற தாய் நானி 1861-ல் பிறந்து, அண்ணல் மறைந்த அதே 1956-ல் காலமானார். அவருக்கும் ஏறத்தாழ 95 வயது.

இப்படி ஒரு குடும்பத்தைக் கண்டுவிட்டால் பத்திரிகைகள் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: "நீண்ட ஆயுளின் ரகசியம் என்ன?" பூண்டு தின்றார்களா, மீன் எண்ணெய் குடித்தார்களா, யோகா செய்தார்களா? டெலேனி சகோதரிகள் மூன்றையும் செய்தார்கள். ஆனால் அந்தப் பட்டியலை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர் அவர்கள் சொன்னதில் முக்கியமானதை விட்டுவிட்டுப் போகிறார். ஒடுக்கப்பட்ட ஒரு குடும்பத்தில் ஒருவர் கிழவியாகும் வரை உயிரோடு இருப்பதற்கே ஒரு வரலாறு வேண்டியிருக்கிறது. அந்த வரலாறு அடிமைப் பண்ணையில் தொடங்குகிறது.

அடிமைக்கு ஏது வயது?

அடிமைமுறை எத்தனையோ பறித்தது. அவற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று வயது. ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-ல் வெளியிட்ட தன்வரலாற்றின் தொடக்கத்திலேயே, தான் எந்த நாளில் பிறந்தோம் என்று தனக்குத் தெரியாது என்கிறார். விதைப்புக் காலத்தில், அறுவடைக் காலத்தில் என்று பருவத்தைச் சொல்லித்தான் அடிமைகள் பிறப்பைக் கணக்கு வைத்தார்களாம். வெள்ளைக் குழந்தைகள் தம் வயதைச் சொல்ல, தன்னால் சொல்ல முடியவில்லையே என்பது சிறு வயதிலேயே அவரை உறுத்தியது.

அடிமைகளின் வயது எஜமானனின் கணக்கேட்டில்தான் இருந்தது, அதுவும் விலை போடுவதற்காக. பண்ணைச் சொத்துப் பட்டியல்களில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வயதும் டாலரும் எழுதப்பட்டிருக்கும். இளைஞருக்கு உச்ச விலை. நாற்பதைத் தாண்டினால் விலை சரியும். முதியவரின் பெயருக்கு எதிரே பூஜ்யம். வரலாற்றாளர் டைனா ரேமி பெர்ரி இந்தக் கணக்கேடுகளை ஆராய்ந்து 2017-ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். வாழ்நாளெல்லாம் பருத்தி எடுத்த கைக்குக் கடைசியில் மதிப்பு ஒன்றுமில்லை. உழைக்க முடியாத முதியவரை "விடுதலை" செய்கிறேன் என்ற பெயரில் தெருவில் விட்ட எஜமானர்களும் இருந்தார்கள். அந்த முதியவர்களைப் பராமரிக்கும் செலவு அரசின் தலையில் விழுந்துவிடும் என்பதற்காக, குறிப்பிட்ட வயதைத் தாண்டியவர்களை விடுதலை செய்யச் சில மாநிலங்கள் தடை போட்டன. கருணையாகத் தோன்றும் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்ததும் காசுக் கணக்குதான்.

பூஜ்யம் என்று எழுதப்பட்ட முதுமையிலும் காசு பார்த்தவர் ஒருவர் உண்டு. 1835-ல் பி.டி. பர்னம் என்ற கேளிக்கை வியாபாரி, ஜாய்ஸ் ஹெத் என்ற கண் தெரியாத, உடல் முடங்கிய கறுப்பின மூதாட்டியை ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தார். இவருக்கு 161 வயது, ஜார்ஜ் வாஷிங்டனைத் தூக்கி வளர்த்த தாதி இவர்தான் என்று விளம்பரம். வெள்ளை மக்கள் கட்டணம் கொடுத்துக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார். அப்போதும் விடவில்லை. நியூயார்க்கில் தலைக்கு 50 சென்ட் வாங்கிக்கொண்டு, சுமார் 1,500 பேர் பார்க்க அவர் உடலை அறுத்தார்கள். 80 வயதுக்கு மேல் இருக்காது என்று அறுத்த மருத்துவர் சொன்னார்.

கறுப்பின முதுமையை அந்தச் சமூகம் பார்த்த விதம் இந்த இரண்டுதான். பண்ணையில் பூஜ்யம், கூடாரத்தில் வேடிக்கைப் பொருள். அந்த மனிதருக்கு நினைவு உண்டு, சொல்ல ஒரு கதை உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. டெலேனி சகோதரிகள் பின்னாளில் பேசிய பேச்சின் எடை புரிய, ஜாய்ஸ் ஹெத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மிஸ்டர் டெலேனி, மிஸஸ் டெலேனி

இவர்களின் தந்தை ஹென்றி பியர்டு டெலேனி 1858-ல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தார். விடுதலை வந்தபோது ஏழு வயதுச் சிறுவன். அடிமைக்கு எழுத்தறிவிப்பது அந்த மாநிலத்தில் சட்டப்படி குற்றம். ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. இளைஞனானதும் ராலே நகரில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காகத் திருச்சபை நடத்திய செயின்ட் அகஸ்டின் பள்ளியில் சேர்ந்தார். கொத்து வேலை தெரிந்தவர். அந்த வளாகத்தின் சிற்றாலயத்தை மாணவர்களோடு சேர்ந்து தன் கையாலேயே கட்டினார். அதே பள்ளியின் துணை முதல்வரானார். 1918-ல் எபிஸ்கோபல் திருச்சபையின் துணை ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமைச் சிறுவன் ஆயரானாலும் திருச்சபைக்குள்ளிருந்த நிறப்பாகுபாடு ஓயவில்லை. அவர் கறுப்பின மக்களுக்கான பணிக்கு மட்டுமே ஆயர்.

தாய் நானி லோகன் வர்ஜீனியாவில் பிறந்தவர். அவருடைய தாய் சட்டப்படி சுதந்திரமான கலப்பினப் பெண், தந்தை வெள்ளையர். இருவரும் பல்லாண்டுகள் துணையாக வாழ்ந்தார்கள், ஆனால் மணம் செய்ய முடியவில்லை. வர்ஜீனியாவின் கலப்புமணத் தடைச் சட்டம் 1967-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும்வரை நின்றது. நானி அதே செயின்ட் அகஸ்டின் பள்ளியில் வகுப்பில் முதல் மாணவியாகத் தேறி, 1886-ல் ஹென்றியை மணந்து, பின்பு அந்தப் பள்ளியின் அன்றாட நிர்வாகத்தைக் கவனித்தார். பத்துப் பிள்ளைகள். பத்துப் பேரும் கல்லூரிப் படிப்பு படித்தார்கள். மருத்துவர், பல் மருத்துவர்கள், வழக்குரைஞர், நீதிபதி, ஆசிரியர்கள் என்று ஆனார்கள். ஆனால் பணம் இருந்த குடும்பம் அல்ல. சாரா கல்லூரிக்குப் போக விரும்பியபோது தந்தை கொடுக்கப் பணமில்லை. உதவித்தொகை வாங்காதே, வாங்கினால் கொடுத்தவருக்குக் கடன்பட்டவளாவாய், வேலை செய்து சேர்த்துப் படி என்றுதான் சொன்னார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கணவனும் மனைவியும் பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் "மிஸ்டர் டெலேனி", "மிஸஸ் டெலேனி" என்றே அழைத்துக்கொள்வார்கள். ஏன் இந்தச் சம்பிரதாயம்? தென்மாநிலங்களில் எந்த வெள்ளையரும் கறுப்பினத்தவரை மிஸ்டர், மிஸஸ் போட்டுக் கூப்பிட மாட்டார். எழுபது வயதுக்காரரையும் வெள்ளைச் சிறுவன் "பையா" என்பான். ரொம்ப மரியாதை காட்ட நினைத்தால் "அங்கிள்", "ஆண்ட்டி". உறவு கொண்டாடி வந்த சொல் அல்ல அது. மிஸ்டர் என்று சொல்லாமல் தப்பிக்கக் கண்டுபிடித்த சொல். கடை அலமாரியில் இருந்த அங்கிள் பென்ஸ் அரிசிக்கும் ஆண்ட்டி ஜெமைமா மாவுக்கும் பெயர் வந்தது அந்த மரபில்தான்.

சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1963-ல் அலபாமா நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் போராளியை அரசு வழக்குரைஞர் "மேரி" என்று மட்டும் கூப்பிட்டார். மிஸ் ஹாமில்டன் என்று கூப்பிட்டால்தான் பதில் சொல்வேன் என்றார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதித்தார்கள். உச்ச நீதிமன்றம்வரை போய் 1964-ல் வென்றார்.

சேரிப் பெரியவரை ஊர்த்தெருப் பொடியன் "டேய்" போட்டுக் கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயதுக்கு மரியாதை தருவது நம் பண்பாடு என்று மேடைகளில் சொல்வார்கள். எந்த வயதுக்கு, எந்தத் தெருவின் வயதுக்கு என்று சொல்ல மாட்டார்கள். டெலேனி தம்பதியர் வெளியே கிடைக்காத மரியாதையை வீட்டுக்குள் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள். பெரியவர்களை மதிப்பது அந்தப் பத்துப் பிள்ளைகளுக்கும் அடக்குமுறையை மறுப்பதோடு சேர்ந்தே பாடமானது.

சாகாமல் தப்பியவர்கள்

சாராவுக்கு ஏழு வயது, பெஸ்ஸிக்கு ஐந்து வயது இருக்கும்போது ஜிம் க்ரோ ஒதுக்கல் அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை டிராமில் பூங்காவுக்குப் போவார்கள். முன் இருக்கையில் உட்கார்ந்தால் காற்று முகத்தில் அடிக்கும், பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். ஒருநாள் ஓட்டுநர் பின்னால் போகச் சொன்னார். பூங்காவுக்குப் போனால் ஊற்றின் நடுவே பலகை நின்றது. ஒரு பக்கம் வெள்ளையருக்கு, மறுபக்கம் கறுப்பருக்கு. பெஸ்ஸி யாரும் பார்க்காதபோது வெள்ளையர் பக்கத்திலிருந்து அகப்பையில் தண்ணீர் மொண்டு குடித்துப் பார்த்தார். இந்தப் பக்கத் தண்ணீரும் அந்தப் பக்கத் தண்ணீரும் ஒரே ருசி.

மகாத் குளத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளியது 1927-ல். அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு முன்னால், கடலுக்கு அந்தப் பக்கம் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று தனியாகச் செய்த சோதனை இது.

வளர்ந்து ஆசிரியையாகிய பெஸ்ஸி, ஜார்ஜியாவில் வேலைக்குப் போகும் வழியில் வேகிராஸ் ரயில் நிலையத்தில் வண்டி மாறக் காத்திருந்தார். கறுப்பருக்கான காத்திருப்பு அறையில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது குடிபோதையில் ஒரு வெள்ளையன் எட்டிப் பார்த்துப் பல்லிளித்தான். போய் உன் இனத்தாரோடு இரு என்று பெஸ்ஸி விரட்டினார். அவன் நடைமேடைக்கு ஓடி, கறுப்புப் பெண் தன்னை அவமதித்துவிட்டாள் என்று கத்தினான். கூட்டம் சேர்ந்தது. அந்த நேரம் ரயில் வந்து நின்றதால் உயிர் தப்பினார். 1877 முதல் 1950 வரை அமெரிக்காவில் 4,400-க்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் கும்பலால் கொல்லப்பட்டதாக ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு ஆவணப்படுத்தியிருக்கிறது. அந்த ரயில் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் 104 வயது என்ற பேச்சே இருந்திருக்காது. ரயில் சரியான நேரத்துக்கு வந்ததை எந்த ஆயுள் ரகசியப் பட்டியலில் சேர்ப்பது?

1916-ல் சாராவும் 1918-ல் பெஸ்ஸியும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்தார்கள். இருவரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார்கள். அண்ணல் 1913 முதல் 1916 வரை படித்த அதே பல்கலைக்கழகம். காலம் மாறிப்போனதால் ஒரே நேரத்தில் அங்கே இருக்கவில்லை. சொந்த நாட்டில் கிடைக்காத சுதந்திரக் காற்றை அங்கே அண்ணல் உணர்ந்தார். கறுப்பினப் பெண்ணுக்கு அதே வளாகம் வேறு முகம் காட்டியது. பல் மருத்துவ வகுப்பில் பெஸ்ஸி செய்து கொடுத்த வேலை தேறவில்லை என்று பேராசிரியர் திருப்பினார். வெள்ளைத் தோழி ஒருவர் அதே வேலையைத் தன் பெயரில் கொடுத்தார். தேறிவிட்டது.

1923-ல் பட்டம் பெற்று, நியூயார்க் மாநிலத்தில் பல் மருத்துவ உரிமம் பெற்ற இரண்டாவது கறுப்பினப் பெண்ணானார் பெஸ்ஸி. ஹார்லெமில் தம்பியோடு மருத்துவமனை நடத்தினார். பல் சுத்தம் செய்ய 2 டாலர், வெள்ளி அடைக்க 5 டாலர். 1950-ல் ஓய்வு பெறும்வரை அந்தக் கட்டணத்தை ஏற்றவேயில்லை.

சாராவின் வழி வேறு. அவர் அமைதியானவர், பெஸ்ஸி அவரை வெல்லப்பாகு என்றும் தன்னைக் காடி என்றும் சொல்வார். நியூயார்க்கின் வெள்ளையர் உயர்நிலைப் பள்ளியில் வேலைக்குத் தகுதிப் பட்டியலில் அவர் பெயர் மேலே வந்தபோது, நேர்காணலுக்குப் போனால் நிறத்தைப் பார்த்துத் தட்டிக்கழிப்பார்கள் என்று தெரியும். போகாமலே இருந்துவிட்டு, பள்ளி திறக்கும் முதல் நாள் நேராகப் போய் நின்றார். திருப்பி அனுப்ப நேரமில்லை. 1930-ல் இப்படித்தான் அந்தப் பள்ளிகளில் மனையியல் கற்பித்த முதல் கறுப்பினப் பெண்ணானார். 1960 வரை பணியாற்றினார்.

1920-ல் பெண்களுக்கு வாக்குரிமை வந்த பிறகு ஒரு தேர்தலையும் தாங்கள் தவறவிட்டதில்லை என்று நூறு வயதில் பெருமையோடு சொன்னார்கள் இருவரும்.

நூறு வயதில் பேச்சு

1991-ல் ஏமி ஹில் ஹெர்த் என்ற வெள்ளைப் பெண் பத்திரிகையாளர் மவுண்ட் வெர்னனில் இவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் எழுதிய கட்டுரை வளர்ந்து 1993-ல் சகோதரிகளின் சொந்தக் குரலிலேயே நூலானது. பெரும் விற்பனை கண்டது, 1995-ல் பிராட்வே நாடகமானது.

வீட்டில் தொலைபேசி இல்லை, வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். காலையில் யோகா. சாரா அறுபதை ஒட்டித் தொடங்கினார், பெஸ்ஸி எண்பதில் சேர்ந்துகொண்டார். தினம் ஒரு பல் பூண்டு, ஒரு கரண்டி மீன் எண்ணெய், தட்டில் ஏழு வகைக் காய்கறி. இது வெளியே தெரிந்த பகுதி.

முதுமையைப் பற்றிய அவர்களின் மனநிலைதான் கவனிக்க வேண்டியது. தங்களைப் பாவம் என்று யாரும் பார்ப்பதை இருவரும் அனுமதிக்கவில்லை. ஏன் இவ்வளவு காலம் வாழ்ந்தீர்கள் என்று கேட்டால், கவலை தந்து சாகடிக்கக் கணவன்மார் இல்லையே என்று பெஸ்ஸி கேலியாகச் சொல்வார். சிரிப்புக்குள் வரலாறு இருக்கிறது. படித்து வேலைக்குப் போக விரும்பிய பெண், கல்யாணமா தொழிலா என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய காலம் அது. மணமான பெண்ணுக்குப் பல பள்ளிகள் வேலையே தராது. அவர்கள் தொழிலைத் தேர்ந்தார்கள், துணையாக ஒருவருக்கொருவர் இருந்தார்கள்.

பெஸ்ஸியின் இன்னொரு பதில் இன்னும் கூர்மையானது. தன்னை அவமதித்த, மிரட்டிய, கொல்லப் பார்த்த நிறவெறியர்கள் எல்லாரும் செத்துப்போனார்கள், நான் இருக்கிறேன் என்பதில் அவருக்கு மறைக்காத மகிழ்ச்சி. அதையும் ஒரு நீதியாகவே கருதினார். நீதிமன்றம் தராத நீதியை ஆயுள் தந்தது. கோபம் ஆயுளைக் குறைக்கும் என்று உபதேசிப்பவர்கள் இந்தப் பெண்ணைப் பார்க்கட்டும். நூறு வயதிலும் அவர் கோபத்தை விட்டுவிடவில்லை. வெல்லப்பாகான சாராவோ வேறு மாதிரி: யாரோடும் மோதாமல், தெரியாதவர் போல் நடித்து, நினைத்ததைச் சாதித்துவிட்டு வருவார். சாந்தமானவரும் நூறைத் தாண்டினார், கோபக்காரரும் நூறைத் தாண்டினார்.

வீட்டில் முதுமையை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு ஒரு செய்தி போதும். 1950 வாக்கில் தாய் நானியைத் தனியே விட முடியாத நிலை வந்தது. இரு மகள்களும் வேலையில் இருந்தார்கள். ஒருவர் வேலையை விட வேண்டும். சாராவுக்கு இன்னும் சில ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தால் ஓய்வூதியம் வரும். பெஸ்ஸி சொந்தமாக மருத்துவமனை வைத்திருந்தவர், ஓய்வூதியம் கிடையாது. கணக்குப் பார்த்து, 59 வயதில் பெஸ்ஸி மருத்துவமனையை மூடிவிட்டுத் தாயோடு உட்கார்ந்தார். பண்ணைக் கணக்கேடு முதியவருக்குப் பூஜ்யம் போட்டதே, அதற்கு இந்தக் குடும்பம் எழுதிய மறு கணக்கு இது. ஒரு மகள் தன் தொழிலைக் கொடுத்தாள். இன்னொரு மகளின் சம்பளம் மூவருக்கும் சோறு போட்டது.

பெஸ்ஸி போன பிறகு சாரா தனியே இருந்தார். 107 வயதில் தனிமையைப் பற்றியும் ஒரு நூல் தந்தார். நூறு ஆண்டுக்கு மேல் பக்கத்திலேயே இருந்த தங்கை இல்லாத வீட்டில் எப்படி எழுந்திருப்பது என்று கற்றுக்கொண்டிருந்தார் அவர்.

ரகசியம் தேடுவோருக்கு

நீண்ட ஆயுள் சில குடும்பங்களில் ஓடுகிறது என்பது உண்மைதான். தாமஸ் பெர்ல்ஸ் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நூறு வயது கண்டவரின் சகோதரர்கள் நூறை எட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்தது 17 மடங்கு, சகோதரிகளுக்குக் குறைந்தது 8 மடங்கு. மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது. மறுக்கவில்லை.

ஆனால் மரபணு வேலை செய்வதற்கு முதலில் ஆள் உயிரோடு இருக்க வேண்டும். 1900-ல் அமெரிக்காவில் வெள்ளையரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 47.6 ஆண்டுகள். வெள்ளையர் அல்லாதவருக்கு 33. எத்தனை கறுப்பினக் குழந்தைகளின் நூறாண்டு மரபணு தொட்டிலிலேயே புதைந்தது என்று எண்ணிச் சொல்ல ஆய்வு இல்லை, இருக்கவும் முடியாது.

டெலேனி பிள்ளைகளுக்கு வாய்த்தவற்றைப் பாருங்கள். வளர்ந்தது பள்ளி வளாகத்தில். பெற்றோர் இருவரும் படித்தவர்கள். குத்தகை விவசாயியின் கடனும் பட்டினியும் அவர்களைத் தொடவில்லை. சொந்தக் குடும்பத்திலேயே மருத்துவரும் பல் மருத்துவரும் இருந்தார்கள். தெற்கை விட்டு வெளியேற முடிந்தது. கடைசியில் ஆசிரியர் ஓய்வூதியம். இதில் கடைசியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். 1935-ல் அமெரிக்கா கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கு ஓய்வூதியம் தந்தது. ஆனால் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் விலக்கிவிட்டது. கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் செய்தது அந்த இரண்டு வேலைகளைத்தான். 1950-களில் சட்டம் திருத்தப்படும்வரை அவர்களுடைய முதுமை அரசின் கணக்கிலேயே இல்லை. சாரா ஆசிரியையாக இல்லாமல் யார் வீட்டிலாவது துணி துவைத்திருந்தால், பெஸ்ஸி எதை நம்பி மருத்துவமனையை மூடியிருப்பார்?

படித்து, வேலைக்குப் போய், வசதியாக இருந்தாலும் நிறவெறி உடலை அரிக்கிறது என்பதையும் அறிவியல் சொல்கிறது. ஆர்லின் ஜெரோனிமஸ் 1992-ல் இதற்கு வெதரிங் என்று பெயர் வைத்தார். வெயிலும் மழையும் பட்டுப் பட்டுப் பாறை அரிவதுபோல, நாள்தோறும் படும் அவமதிப்பும் விழிப்போடு இருந்தே ஆக வேண்டிய கட்டாயமும் கறுப்பினப் பெண்களின் உடலை முன்கூட்டியே முதுமையாக்குகின்றன என்பது அவர் வாதம். டெலேனி சகோதரிகள் தப்பியதைக் காட்டி, ஒழுங்காக வாழ்ந்தால் எல்லாரும் நூறு வயது வாழலாம் என்று சொல்வது, அண்ணலைக் காட்டி, படித்தால் எல்லாரும் முன்னேறலாமே, இடஒதுக்கீடு எதற்கு என்று கேட்பதைப் போன்றதுதான்.

நம் பக்கத்துக் கணக்கு

அண்ணல் தன் பெற்றோருக்குப் பதினான்காவது பிள்ளை. உயிரோடு வளர்ந்தது ஐந்து பேர். அவருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் யஷ்வந்த் ஒருவர்தான் பிழைத்தார். ரமாபாய் 1935-ல் இளவயதிலேயே போய்விட்டார். டெலேனி வீட்டில் பத்துப் பேரும் வளர்ந்து கல்லூரிக்குப் போனார்கள். இரண்டு வீடுகளையும் பக்கத்தில் வைத்தால், ஒரே 1891-ல் பிறந்த இருவரில் ஒருவருக்கு 65-ம் மற்றவருக்கு 104-ம் வாய்த்ததை வெறும் விதி என்று விட முடியவில்லை.

இது பழங்கதையும் அல்ல. ஒன்பது இந்திய மாநிலங்களின் 2010-11 தரவுகளை வைத்து 2022-ல் வெளியான ஆய்வு, தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு உயர்சாதி இந்துக்களைவிட மூன்று ஆண்டுகளுக்கும் மேல் குறைவு, பழங்குடிகளுடையது நான்கு ஆண்டுகளுக்கும் மேல் குறைவு என்று காட்டியது. இந்த இடைவெளியில் பாதியைக்கூடப் பொருளாதார நிலை விளக்கவில்லை. வறுமைதான் காரணம், சாதி அல்ல என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில். ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை, தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது உயர்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்றது.

மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயதுவரை மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80-ஐத் தொட்டால் 500. அந்த 80-ஐத் தொடும் கூலிக்காரப் பாட்டி எந்தச் சேரியில் எத்தனை பேர்? தொட்டவர்களுக்கும் வயதுச் சான்று வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்படாதவருக்குப் பிறந்த தேதி ஏது? "அந்தப் பெரிய புயலுக்கு முந்தின வருஷம்" என்று சொல்லும் பாட்டிக்கும், விதைப்புக் காலத்தில் பிறந்தேன் என்று சொன்ன டக்ளஸின் தலைமுறைக்கும் நடுவே தூரம் அதிகமில்லை.

அடிமைச் சிறுவனுக்குப் பிறந்த மகள்கள் நூறு வயதில் நாற்காலியில் உட்கார்ந்து, டிராமில் பின்னால் போகச் சொன்னதையும், வேகிராஸ் நடைமேடையில் கூட்டம் சேர்ந்ததையும், வகுப்பில் நடந்த வஞ்சனையையும் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். அதெல்லாம் நடக்கவேயில்லை, எல்லாரும் நன்றாகத்தான் இருந்தோம் என்று பேசத் தொடங்கிய தலைமுறைக்கு முன்னால் சாட்சியாக இருந்தார்கள். ஒடுக்கப்பட்டவர் வீட்டில் நீண்ட ஆயுளின் பயன் இதுதான். சாட்சி சாகாமல் இருக்கிறது.

நம் தெருவிலும் அப்படிச் சாட்சிகள் இருக்கிறார்கள். தனிக் குவளையில் டீ குடித்தவர், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்தவர், கூலி கேட்டு அடி வாங்கியவர். அவர்களிடம் என்ன சாப்பிட்டாய் இத்தனை வயது வாழ என்று கேட்பது பிறகு இருக்கட்டும். முதலில் அவர்கள் பெயரை எழுதுங்கள், வயதைக் கணக்குப் போட்டு எழுதுங்கள், சொல்வதைச் சொல்கிறபடியே எழுதி வையுங்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய ஓய்வூதியத்துக்கு மனு எழுதி, தாலுகா அலுவலகத்துக்கு நீங்களே அழைத்துப் போங்கள். அங்கே யாராவது அவர்களை ஒருமையில் கூப்பிட்டால், அந்த இடத்திலேயே திருத்துங்கள்.